மூலையில் அலை, எக்ஸ்ட்ரூடரில் டக் டக்: 3டி பிரிண்டர் கோளாறு எந்த வகைக்கெழுவில் இருக்கிறது?

டவுன் பஸ்ஸில் நின்றபடி போனவர்களுக்கு இது தெரியும். ஓட்டுநர் சீராக பிரேக் அழுத்தும்போது முன்னால் சாய்கிறோம். அதற்கு உடம்பு ஈடுகொடுத்துவிடுகிறது. வண்டி முழுதாக நிற்கும் கடைசிக் கணத்தில்தான் பின்னால் தள்ளாடுகிறோம். அந்த நேரத்தில் வேகம் ஏறக்குறைய பூஜ்யம். அதுவரை இருந்த முடுக்கம் சட்டென்று அறுந்துவிட்டதுதான் காரணம். முடுக்கம் மாறும் வீதத்துக்கு ஜெர்க் என்று பெயர்.

நிலையை நேரத்தைப் பொறுத்து ஒருமுறை வகையிட்டால் திசைவேகம், இரண்டாம் முறை முடுக்கம், மூன்றாம் முறை ஜெர்க், நான்காம் முறை ஸ்னாப். ஐந்தாவதும் ஆறாவதும் கிராக்கிள், பாப். கடைசி மூன்று பெயர்களும் ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற காலை உணவின் விளம்பரப் பொம்மைகளிடமிருந்து விளையாட்டாக எடுக்கப்பட்டவை. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும் வகைக்கெழுவைப் பெறுதி என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏணி தினமும் வேலைக்கு ஆகும். அச்சில் தெரியும் பல குறைகள் ஏதோ ஒரு படியில் விழுந்த திடீர்த் தாவலின் தடம். எந்தப் படி என்று தெரிந்துகொள்ளாமல் எண்களை மாற்றினால் ஒரு குறை போய் இன்னொன்று வந்து நிற்கும்.

தொடங்குமுன் ஒரு வேலை. பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். உங்களுடையது மார்லின் என்றால் எம்503 என்ற கட்டளையை அனுப்பி, இப்போதைய எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சோதனைக்கு 20 மி.மீ. கனசதுரம் போதும். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

எண்ணை மாற்றினேன், அச்சில் ஒன்றும் மாறவில்லை

இதை முதலில் தீர்த்துவிடுவோம். வடிவத்தை அடுக்குகளாக வெட்டும் மென்பொருளான ஸ்லைசர் எழுதும் ஜி-கோடின் (பிரிண்டருக்கான கட்டளைக் கோப்பு) தொடக்கத்திலேயே முடுக்கம், ஜெர்க் எண்களைத் தரும் எம்201, எம்204, எம்205 வரிகள் இருக்கலாம். நீங்கள் திரையில் மாற்றியதை அவை அச்சு தொடங்கியதும் அழித்துவிடும். கோப்பைத் திறந்து தேடிப் பாருங்கள். குராவில் ஜெர்க் கட்டுப்பாடு என்ற தேர்வு இருக்கிறது, புருசாஸ்லைசரில் இயந்திர வரம்புகள் என்ற பகுதி இருக்கிறது. இரண்டும் இந்த வேலையைச் செய்பவை.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் மார்லின், மூலை வேகத்தை வேறொரு கணக்கில் தீர்மானிக்கும் ஜங்ஷன் டீவியேஷன் முறையில் தொகுக்கப்பட்டிருந்தால் எம்205-இல் எக்ஸ், ஒய் ஜெர்க் எண்களுக்கு வேலை இல்லை. ஜே என்ற எழுத்தோடு தரும் எண்தான் செல்லும்.

மூலைக்கு அப்புறம் சுவரில் அலை அலையாக வரிகள்

எல்லோரையும் முதலில் படுத்துவது இதுதான். கனசதுரத்தின் மூலையைத் தாண்டியதும் நாலைந்து அலைகள் எழுந்து மெல்ல அடங்கும். அதைப் பார்த்ததும் எல்லோரும் 'ஜெர்க்கைக் குறை' என்பார்கள். ஆனால் அந்த எண் உண்மையில் ஜெர்க்கே இல்லை.

அலகைப் பாருங்கள். இயற்பியலில் ஜெர்க்கின் அலகு மி.மீ./நொடி³. மார்லினில் ஜெர்க் என்று நீங்கள் தருவது மி.மீ./நொடி. அது வேகத்தின் அலகு. திருப்பத்தில் வேகம் எவ்வளவு வரை ஒரே அடியில் தாவலாம் என்பதுதான் அந்த எண். வேகம் தாவினால் முடுக்கம் அந்தக் கணத்தில் எல்லையற்றது, ஜெர்க் அதற்கும் மேல். பெயர் வைத்தவர் விளைவைப் பார்த்து வைத்திருக்கிறார் போல.

சரி, அளப்போம். வெளிச்சுவர் வேகம் 60 மி.மீ./நொடி என்று வைத்து அச்சிடுங்கள். காலிப்பரை வைத்து, எத்தனை அலைகள் எத்தனை மி.மீ. நீளத்தில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். வேகத்தை அலை எண்ணிக்கையால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். 9 மி.மீ.-இல் 6 அலைகள் என்றால் 40 ஹெர்ட்ஸ். அடுத்து வேகத்தை 120 ஆக்கி இன்னொன்று அச்சிடுங்கள். அலை இடைவெளி 1.5 மி.மீ.-இலிருந்து 3 ஆனால் அது பிரிண்டர் சட்டத்தின் (ஃப்ரேம்) ஒத்ததிர்வுதான். இடைவெளி மாறவே இல்லை என்றால் அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள், இங்கே நேரம் வீணாக்க வேண்டாம்.

40 ஹெர்ட்ஸ் என்று கிடைத்ததை வைத்து ஒரு சின்னக் கணக்கு. பிளாஸ்டிக் வழியும் முனையான நாசிலைத் தாங்கும் தொகுதியை ஸ்பிரிங்கில் மாட்டிய எடை என்று கொள்ளுங்கள். முடுக்கம் சட்டென்று தாவினால் எழும் அதிர்வின் வீச்சு, அந்த முடுக்கத்தைக் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தது. 40 ஹெர்ட்ஸுக்குக் கோண அதிர்வெண் சுமார் 251. முடுக்கம் 3000 மி.மீ./நொடி² என்றால் வீச்சு 0.048 மி.மீ. வேகத் தாவலால் எழும் வீச்சுக்கு ஒரு முறை வகுத்தால் போதும். ஜெர்க் என்று 10 தந்திருந்தால் 0.04 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய சமம். அதனால்தான் ஜெர்க்கை மட்டும் 10-இலிருந்து 5 ஆக்கினாலும் அலை முழுதாகப் போவதில்லை. ஒரு பாதி முடுக்கத்திலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். 20 தந்து வைத்திருந்தால் மட்டும் வேகத் தாவலின் பங்கு 0.08 ஆகிவிடும். அப்போது முதலில் அதைக் குறைப்பது சரி.

அந்தக் கணக்கிலேயே மருந்தும் இருக்கிறது. அதிர்வெண்ணை 40-இலிருந்து 56-க்கு உயர்த்தினால் முடுக்கத்தின் பங்கு பாதியாகிவிடும், அச்சு நேரத்தில் ஒரு நொடிகூட இழக்காமல். எனவே ஃபர்ம்வேரைத் தொடுமுன் ஸ்பேனரை எடுங்கள். பெல்ட்டில் தொய்வு இருக்கிறதா, நாசில் தொகுதியைக் கையால் அசைத்தால் ஆடுகிறதா, புல்லியை மோட்டார் தண்டில் பிடித்திருக்கும் சின்னத் திருகான கிரப் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா, மேசையே ஆடுகிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை இரண்டு வாரம் எண்களோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு கிரப் ஸ்க்ரூ கால் சுற்று தளர்ந்திருந்தது.

இறுக்க வேண்டியதெல்லாம் இறுக்கிய பிறகும் அலை இருந்தால் இன்புட் ஷேப்பிங் போடுங்கள். ஒவ்வொரு அசைவையும் இரண்டாகப் பிரித்து, இரண்டாம் பாதியை அதிர்வின் அரை அலைவு நேரம் தள்ளி அனுப்பும் உத்தி இது. 40 ஹெர்ட்ஸுக்கு அது 12.5 மில்லிநொடி. முதல் பாதி எழுப்பிய அதிர்வை இரண்டாம் பாதி அடித்துவிடும். அடிப்படை யோசனை 1950-களிலேயே இருந்தது. நீல் சிங்கரும் வாரன் சீரிங்கும் 1990-இல் அதை ரோபோ கைகளுக்கு ஏற்ற, பிழை தாங்கும் வடிவமாக்கினார்கள். கிளிப்பர் என்ற இன்னொரு ஃபர்ம்வேரில் இது முன்பே வந்தது, மார்லினில் எம்593. விலை ஒன்று உண்டு: கூர்மையான மூலைகள் சற்று மழுங்கும். பெரும்பாலான அச்சுகளில் கண்ணுக்குத் தெரியாது.

அலை இருக்கிறது, ஆனால் வேகத்தை மாற்றினாலும் இடைவெளி மாறவில்லை

இது வகைக்கெழுப் பிரச்சினை அல்ல, நிலையிலேயே உள்ள பிழை. இடைவெளி 2 மி.மீ. என்றால் ஜிடி2 பெல்ட்டின் பல் இடைவெளி அது. பல் புல்லியில் சரியாக உட்காரவில்லை, அல்லது பெல்ட்டின் பல் பக்கம் பல்லில்லாத உருளை மேல் ஓடுகிறது. 40 மி.மீ.-க்கு ஒருமுறை வரும் ஏற்ற இறக்கம் என்றால் 20 பல் புல்லி ஒரு சுற்றுச் சுற்றும் தூரம் அது, புல்லி மையம் விலகியிருக்கிறது. ஜெர்க்கும் வேண்டாம், ஷேப்பிங்கும் வேண்டாம், புல்லியை மாற்றுங்கள்.

மூலையை வட்டமாக்கினேன், அப்படியும் அலை வருகிறது

நேர்க்கோடு, அதை ஒட்டி ஒரு கால் வட்டம், மீண்டும் நேர்க்கோடு. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். வேகத்தின் அளவும் மாறவில்லை. ஆனால் வட்டத்தில் நுழைந்த கணத்தில் மையநோக்கு முடுக்கம் பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலாக எழுகிறது. வேகம் 60, ஆரம் 2 மி.மீ. என்றால் அது 1800 மி.மீ./நொடி². 40 ஹெர்ட்ஸ் சட்டத்தில் 0.028 மி.மீ. அலைக்கு அதுவே போதும்.

ரயில் பாதை போடுபவர்களுக்கு இது பழைய சங்கதி. நேர்ப்பாதையை நேராக வட்ட வளைவில் இணைக்க மாட்டார்கள். இடையில் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் ஒரு இடைமாற்று வளைவு இருக்கும். பயணிகள் தள்ளாடாமல் இருப்பது அதனால்தான். உங்கள் வடிவமைப்பு மென்பொருளில் வட்ட ஃபில்லட்டுக்கு (மூலை உருட்டல்) பதிலாக வளைவு தொடர்ச்சியுள்ள ஃபில்லட் தேர்வு இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் ஆரத்தைக் கூட்டுங்கள். இரட்டித்தால் அலை பாதியாகும்.

அலை போனது, மூலை உப்பிக்கொண்டது

முடுக்கத்தை அளவுக்கு மீறிக் குறைத்தவர்களுக்கு இது வரும். 60-இலிருந்து 10 மி.மீ./நொடிக்குக் குறைய 3000 முடுக்கத்தில் 0.6 மி.மீ. தூரம் போதும். 500 முடுக்கத்தில் 3.5 மி.மீ. தேவை. அந்த 3.5 மி.மீ. முழுதும் நாசில் மெதுவாக ஊர்கிறது, உள்ளே சேர்ந்த அழுத்தமோ இன்னும் பழைய வேகத்துக்கு உரியது. பிளாஸ்டிக் அதிகமாக வழிந்து மூலை தடிக்கிறது. திரும்பி வேகமெடுக்கும்போது அழுத்தம் போதாமல் கோடு மெலிகிறது.

முடுக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பிறகு மார்லினில் லீனியர் அட்வான்ஸ், கிளிப்பரில் பிரஷர் அட்வான்ஸ் போடுங்கள். இரண்டும் ஒன்றுதான்: பிளாஸ்டிக் இழையைத் தள்ளும் மோட்டார் பகுதியான எக்ஸ்ட்ரூடர், வேகத்துக்கு ஏற்ற அளவு இழையை முன்கூட்டியே தள்ளும். முன் தள்ளும் நீளம் என்பது கே என்ற மாறிலியையும் இழையின் வேகத்தையும் பெருக்கியது.

அட்வான்ஸ் போட்டதும் எக்ஸ்ட்ரூடர் டக் டக் என்கிறது

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. ஏணி ஒரு படி நகர்ந்துவிட்டதைக் காதால் கேட்கலாம்.

மேலே சொன்னதை இன்னொருமுறை பாருங்கள். எக்ஸ்ட்ரூடரின் நிலையோடு வேகத்தைக் கேயால் பெருக்கிச் சேர்க்கிறோம். அப்படியானால் எக்ஸ்ட்ரூடரின் வேகத்தோடு முடுக்கம் சேர்கிறது, எக்ஸ்ட்ரூடரின் முடுக்கத்தோடு ஜெர்க் சேர்கிறது. நாசில் தலையின் முடுக்கம் படிக்கட்டு போல் தாவும் ஒவ்வொரு இடத்திலும் எக்ஸ்ட்ரூடர் மோட்டாரின் வேகமே தாவ வேண்டியிருக்கிறது.

எவ்வளவு? 0.4 மி.மீ. அகலம், 0.2 மி.மீ. உயரமுள்ள கோட்டின் குறுக்குப் பரப்பு சுமார் 0.08 சதுர மி.மீ. 1.75 மி.மீ. இழையின் பரப்பு 2.4. எனவே தலை 30 மி.மீ. போனால் இழை 1 மி.மீ. போகும். தலையின் முடுக்கம் 3000 என்றால் இழையின் முடுக்கம் 100. இழை நேராக நாசில் மேலேயே இறங்கும் வகையில் கே 0.05 என்று வைத்தால், வேகத் தாவல் 5 மி.மீ./நொடி. மோட்டார் தாங்கும். நீளமான குழாய் வழியே இழை போகும் பௌடன் வகையில் கே 0.6 என்றால்? 60 மி.மீ./நொடி. கணத்தில் அந்த வேகத்துக்கு எகிற எந்தச் சின்ன ஸ்டெப்பரும் ஒத்துழைக்காது. அந்த டக் டக் அதுதான்.

வழிகள் சில. அச்சிடும்போதான முடுக்கத்தை 1000-க்குக் கொண்டுவந்தால் தாவல் 20 ஆகும். குழாயை எவ்வளவு சுருக்க முடியுமோ சுருக்குங்கள், கே தானாகக் குறையும். கிளிப்பரில் இந்தத் தாவலை இயல்பாகவே 0.04 நொடிக்குப் பரப்பிவிடும் ஒரு அமைப்பு உண்டு. அதைத் தேவையில்லாமல் குறைக்காதீர்கள். மார்லினில் லீனியர் அட்வான்ஸையும், வேகத்தை வழவழப்பாக ஏற்றி இறக்கும் எஸ்-கர்வையும் சேர்த்துப் போடுவது சோதனை நிலை என்று தனி அனுமதி கேட்கும் பதிப்புகள் இருந்தன. பழைய ஃபர்ம்வேர் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்-கர்வ் போட்டபின் அடுக்கு நகர்ந்துவிட்டது

'எஸ்-கர்வ் மென்மையானது, அதனால் பாதுகாப்பானது' என்று நம்பித்தான் எல்லோரும் போடுகிறார்கள். மார்லினின் எஸ்-கர்வில் வேகம் ஐந்தாம் படிப் பல்லுறுப்புக்கோவையாக ஏறும்: 10 டௌ³ − 15 டௌ⁴ + 6 டௌ⁵, இதில் டௌ என்பது 0-இலிருந்து 1 வரை ஓடும் நேரம். தொடக்கத்திலும் முடிவிலும் முடுக்கமும் ஜெர்க்கும் பூஜ்யம். வேகம் ஐந்தாம் படியில் இருப்பதால் வகையிட்டுக்கொண்டே போனால் பாப் வரை வரும், அதனால் மூல நிரலின் குறிப்பிலேயே ஸ்னாப், கிராக்கிள், பாப் மூன்றும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். காலை உணவுப் பொம்மைகள் மோட்டார் நிரலுக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் அதே நேரத்தில் அதே வேகத்தை எட்ட வேண்டும். ஓரங்களில் மென்மையாகப் போனதை நடுவில் ஈடுகட்டியாக வேண்டும். இந்தக் கோவையை வகையிட்டுப் பாருங்கள், நடுப்புள்ளியில் முடுக்கம் சராசரியைப் போல 1.875 மடங்கு. நீங்கள் 3000 என்று தந்தது உச்சத்தில் 5600-ஐத் தாண்டுகிறது. மோட்டாரின் திருப்புவிசை 4000-க்குத்தான் போதும் என்றால் அடிகள் தவறும், அடுக்கு நகரும். எஸ்-கர்வ் போட்டால் முடுக்கத்தை ஏறக்குறைய பாதியாக்கித் தொடங்குங்கள். எஸ்-கர்வ் இல்லாமலேயே அடுக்கு நகர்ந்தால் அது நேராக இரண்டாம் வகைக்கெழு விவகாரம். நகரும் எடை, முடுக்கம், மோட்டார் மின்னோட்டம் இந்த மூன்றைப் பாருங்கள். பெட் (பொருள் அச்சாகும் தட்டு) முன்னும் பின்னும் ஓடும் பிரிண்டரில் ஒய் அச்சு முதலில் தோற்கும், ஏனென்றால் அச்சாகும் பொருளின் எடையும் அதன் தலையில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடுக்கத்தைச் சரியாக ஒரு அலைவு நேரம் எடுத்துச் சீராக ஏற்றினால் எஞ்சிய அதிர்வு பூஜ்யம் என்கிறது கணக்கு. 40 ஹெர்ட்ஸுக்கு அது 25 மில்லிநொடி, அதாவது உண்மையான ஜெர்க் 1,20,000 மி.மீ./நொடி³. ஆனால் 0-இலிருந்து 60 மி.மீ./நொடிக்குப் போக 3000 முடுக்கத்தில் ஆகும் மொத்த நேரமே 20 மில்லிநொடிதான். ஏற்றிவிட்டு இறக்க இடமே இல்லை. என் கருத்தில் சின்ன பிரிண்டருக்கு எஸ்-கர்வ் பெரிதாக உதவாததற்குக் காரணம் இதுதான். நீண்ட ஓட்டமும் கனமான தலையும் உள்ள சிஎன்சி ரௌட்டரில் அது நன்றாகவே வேலை செய்யும்.

மேலே சொன்ன அதே பல்லுறுப்புக்கோவை நம் கையிலும் இருக்கிறது. மேசை மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு மனிதக் கை நகரும் பாதையை விளக்க, மொத்த ஜெர்க்கைக் குறைந்தபட்சமாக்கும் மாதிரியை டமார் ஃப்ளாஷும் நெவில் ஹோகனும் 1985-இல் முன்வைத்தார்கள். அங்கே 10, −15, 6 என்ற இதே கெழுக்கள் நிலைக்கு வருகின்றன. மார்லினில் ஒரு படி மேலே, வேகத்துக்கு.

வேகத்தை 150 ஆக்கினேன், நேரம் குறையவில்லை

10 மி.மீ. கோட்டில் நின்ற நிலையிலிருந்து கிளம்பி மறுபடி நிற்க வேண்டும் என்றால், 500 முடுக்கத்தில் எட்டக்கூடிய உச்ச வேகம் 71 மி.மீ./நொடிதான். 150-ஐத் தொட்டுத் திரும்ப 45 மி.மீ. நீளம் வேண்டும். சின்னப் பொருள்களில் வேக எண் வெறும் அலங்காரம், முடுக்கம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

வேறொருவரின் எண்களை அப்படியே போட்டேன், தலை ஊர்கிறது

அலகுதான். ரெப்ராப்ஃபர்ம்வேரில் ஜெர்க்குக்கான எம்566 கட்டளை எண்ணை மி.மீ./நிமிடத்தில் எதிர்பார்க்கிறது. மார்லினின் 10-ஐ அங்கே போட்டால் 0.17 மி.மீ./நொடி ஆகிவிடும். ஒவ்வொரு மூலையிலும் தலை நின்று மூச்சு வாங்கும். 600 என்று போடுங்கள். டைனிஜி என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் ஜெர்க் என்பது உண்மையான ஜெர்க், ஆனால் மி.மீ./நிமிடம்³-இல். 1 மி.மீ./நொடி³ என்பது அங்கே 2,16,000. கிளிப்பரில் ஜெர்க் என்ற எண்ணே கிடையாது. 90 பாகை மூலையை எந்த வேகத்தில் கடக்கலாம் என்றுதான் கேட்கும், இயல்பாக 5. மார்லின் ஜெர்க்கிலிருந்து ஜங்ஷன் டீவியேஷனுக்குப் போக, ஜெர்க்கின் வர்க்கத்தை 0.4-ஆல் பெருக்கி முடுக்கத்தால் வகுங்கள். 10-க்கும் 3000-க்கும் 0.013 மி.மீ. வரும். மார்லினின் இயல்பான எண்ணும் அதுவே.

முடுக்கமானி மாட்டி ஜெர்க்கை வரைந்தேன், ஒரே புல்

ஏடிஎக்ஸ்எல்345 என்ற முடுக்கமானிச் சில்லு பலரிடம் இருக்கிறது. அதன் வெளியீட்டை ஒருமுறை வகையிட்டு ஜெர்க் பார்க்கலாம் என்று தோன்றும். வரைபடம் முழுக்கச் செங்குத்துப் புல்லாக முளைக்கும். சில்லில் பழுது இல்லை.

அதன் மிகச் சிறிய படி 3.9 மில்லி ஜி, அதாவது 0.038 மீ./நொடி². நொடிக்கு 3200 மாதிரிகள் எடுக்கிறீர்கள். அடுத்தடுத்த இரண்டு மாதிரிகள் ஒரே ஒரு படி வேறுபட்டாலும் கழித்து வகுத்தால் 122 மீ./நொடி³ என்று காட்டும். நாம் தேடும் உண்மையான ஜெர்க் எவ்வளவு? மேலே வந்தது 1,20,000 மி.மீ., அதாவது 120 மீ./நொடி³. சில்லின் ஒரு துடிப்பும் நாம் தேடுவதும் ஒரே உயரம். ஸ்னாப் பார்க்க இன்னொருமுறை வகையிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனவே வகையிடாதீர்கள். முடுக்கத் தரவை அப்படியே ஃபூரியே மாற்றத்துக்குக் கொடுத்து, எந்த அதிர்வெண்ணில் முகடு நிற்கிறது என்று பாருங்கள். இன்புட் ஷேப்பிங்குக்கு அந்த ஒரு எண் போதும். ஜெர்க் கட்டாயம் வேண்டுமென்றால், இருபது முப்பது மாதிரிகளுக்கு ஒரு தாழ்ந்த படிப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தி அதன் சரிவை எடுங்கள். சவிட்ஸ்கி, கோலே இருவரும் 1964-இல் தந்த முறை இதற்கென்றே இருக்கிறது. முகடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால், சில்லை நாசில் தொகுதியில் எதைக் கொண்டு மாட்டினீர்கள் என்று பாருங்கள். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருந்தால் டேப்பும் ஒரு ஸ்பிரிங்தான். ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டு மறுபடி அளங்கள்.